பரதேசியும் அகதியும்

ஊரைவிட்டுப் புறப்பட்டு நடப்பவனுக்கு எமது மொழியில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று பரதேசி, மற்றது அகதி. பரதேசி என்றால் பிறதேசத்தவன். காவி கட்டிக் கோயில் கோயிலாகப் போகிறவனை எமது பெரியவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். பின்னர் அதுவே வசைச்சொல்லாகவும் ஆயிற்று. அகதி என்றால் கதியற்றவன். கதி என்ற சொல்லுக்குப் போகும் வழி என்றும் பொருள் உண்டு, புகலிடம் என்றும் பொருள் உண்டு. எத்தனையோ எல்லைகளைக் கடந்து வந்து சேர்ந்தவனுக்குப் போகும் வழியில்லாதவன் என்று பெயர் வாய்த்தது விசித்திரந்தான்.

இருவரும் செய்வது ஏறத்தாழ ஒரே காரியம். வீட்டைப் பூட்டிவிட்டோ பூட்டாமலோ புறப்படுகிறார்கள். கையில் கொஞ்சச் சாமானோடு நடக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களுடைய வாசலில் நின்று வாங்கி உண்கிறார்கள். ஆனால் பரதேசிக்குச் சோறு போட்டவள் அவனைக் கும்பிடுகிறாள். அகதியோ தனக்குச் சோறு போட்டவனைக் கும்பிடவேண்டியிருக்கிறது. சோறு ஒன்றுதான், பசியும் ஒன்றுதான். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

முன்னவன் விரும்பி நடக்கிறான், பின்னவன் துரத்தப்பட்டு நடக்கிறான் என்று உடனே பதில் சொல்லிவிடலாம். இந்தப் பதில் எமக்குப் போதவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் மாறவேண்டும் என்று நேர்த்தி வைத்தவளும், காணாமற்போன மகனுக்காக நேர்த்தி வைத்தவளும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறார்கள். அவர்கள் விரும்பியா நடக்கிறார்கள்? துயரம் துரத்தித்தான் நடக்கிறார்கள். இருந்தும் வழியில் அவர்களைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆகவே விருப்பத்தை வைத்து மட்டும் இதற்கு விளக்கம் சொல்ல முடியாது. அந்த நடையையே கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும்.

கதிர்காமப் பாதயாத்திரையின் மிக நீண்ட பாதை வடமராட்சியில், தொண்டைமானாற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதியில் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தவர்கள் நல்லூரானை அலங்காரக் கந்தன் என்றும், மாவிட்டபுரத்தானை அபிஷேகக் கந்தன் என்றும், சந்நிதியானை அன்னதானக் கந்தன் என்றும் சொல்வார்கள். சோறு போடுகிற கந்தனுடைய வாசலில் இந்த நடை தொடங்குவது பொருத்தமாகத்தான் இருக்கிறது. அங்கிருந்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன், திருக்கோணேஸ்வரம், வெருகல், சித்தாண்டி, மாமாங்கம், மண்டூர், திருக்கோயில் என்று கிழக்குக் கரை நெடுகக் கோயில்களைத் தொட்டுக்கொண்டு பாதை பொத்துவிலுக்கு இறங்குகிறது. பிறகு உகந்தமலை. அதற்கப்பால் ஊர் இல்லை. குமணவும் யாலவும் சேர்ந்த காட்டுக்குள் ஐந்தாறு நாட்கள். யானையும் கரடியும் உள்ள காடு. கடைசியில் மாணிக்க கங்கை. ஏழு மலைகளின் அடியில், வள்ளி என்ற வேடுவப் பெண்ணின் ஊரில், திரைக்குப் பின்னால் இருக்கிறான் கந்தன். அங்கே பார்ப்பதற்கு ஒரு சிலைகூட இல்லை. ஆடித் திருவிழாவில் யானைமேல் போகும் பேழைக்குள் இருப்பது யந்திரம் என்கிறார்கள். அதையும் எவரும் கண்டதில்லை. அதே வீதியில் கிரிவெகரவுக்குப் போகும் பௌத்தர்களும் பள்ளிவாசலுக்குப் போகும் முஸ்லிம்களும் வருகிறார்கள். சந்நிதியிலிருந்து நடப்பவர்களுக்கு ஒன்றரை மாதம் வரை ஆகும். ஒரு திரையைக் கும்பிடுவதற்காக ஒன்றரை மாத நடை.

1983க்குப் பிறகு போர் இந்தப் பாதையை அறுத்தது. 1988இல் ஒரு சிறு கூட்டம் கிழக்கிலிருந்து மீண்டும் நடக்கத் தொடங்கியது. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கர். எழுபதுகளின் தொடக்கத்திலேயே எமது சாமிமாரோடு சேர்ந்து நடந்தவர். போர் முடிந்தபின் சந்நிதியிலிருந்தும் மறுபடி புறப்படுகிறார்கள்.

நாம் பிறந்த ஊர் தம்பிலுவில். திருக்கோயிலுக்குப் பக்கத்து ஊர். ஆகவே இந்த நடையை நடப்பவர்களுடைய பக்கத்திலிருந்து அல்ல, வாசலில் நின்று பார்ப்பவர்களுடைய பக்கத்திலிருந்துதான் நாம் முதலில் அறிந்தோம். ஆனி மாதம் பிறந்துவிட்டால் அம்மம்மா உலைக்கு இரண்டு சுண்டு அரிசி கூடுதலாகப் போடுவார். சாமிமார் வந்தால் வரட்டும், வராவிட்டால் பழஞ்சோறாகட்டும். வேலை முன்னே பிடித்துக்கொண்டு வருவார்கள். புழுதி படிந்த கால்கள், வெடித்த குதிகள். ஆண், பெண், பெடியன் எவரானாலும் சாமி. முற்றத்தில் பாய் விரித்து, செம்பில் தண்ணீர் கொடுத்து, குத்தரிசிச் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் வைப்பார்கள். போகும்போது அம்மம்மா மஞ்சள் துணியில் முடிந்த சில்லறையைக் கொடுப்பார். "சாமி, இதக் கதிர்காமத்தான்ர உண்டியலில போட்டுடுங்க. எங்கட வீட்டுப் பேரச் சொல்லிப் போடுங்க" என்பார். ஒவ்வொரு வீட்டிலும் இதுதான் நடக்கும். உகந்தையை அடையும்போது அந்தச் சாமிமாருடைய பைகளில் வழியெங்குமுள்ள வீடுகளின் முடிச்சுகள் இருக்கும்.

எமது கேள்விக்கான பதில் இந்த மஞ்சள் துணி முடிச்சில் இருப்பதாக எமக்குத் தோன்றுகிறது. பரதேசி வாங்குகிறவன் மட்டுமல்ல, கொண்டுபோகிறவனும்கூட. சோறு போட்டவளால் காட்டைக் கடந்து நடக்க முடியாது. வயலும் பிள்ளைகளும் மாடும் அவளை விடாது. அவளுடைய நடையையும் சேர்த்து நடப்பவன் அவன். அவள் போட்ட சோறு அவனுடைய காலாகிறது. ஆகவே அங்கே கொடுத்தவளுக்கும் வாங்கியவன் தேவைப்படுகிறான். எவரும் எவருக்கும் கீழே இல்லை.

இது எமது கரைக்கு மட்டும் உரிய அறிவு அல்ல. யப்பானில் சிக்கொக்கு என்ற தீவைச் சுற்றி 88 கோயில்களை இணைக்கும் பழைய யாத்திரைப் பாதை ஒன்று இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த கூக்காய் என்ற பௌத்தத் துறவியின் பெயரால் நடக்கிறார்கள். மலைகளுக்கூடாக, வெள்ளை உடையில். அந்த வெள்ளை சவத்துக்கு உடுத்தும் வெள்ளையும்தான். வழியிலுள்ள ஊரவர்கள் அவர்களுக்குப் பழமும் சோறும் காசும் கொடுப்பார்கள். இதற்கு ஒசெத்தாய் என்று பெயர். கொடுப்பதை மறுப்பது மரியாதையல்ல. வாங்கியவர் தமது பெயர் எழுதிய ஒரு கடதாசித் துண்டைக் கொடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். கொடுத்தவர் நடக்காமலே அந்த யாத்திரையில் ஒரு பங்காளியாகிறார் என்பது அங்குள்ள நம்பிக்கை. அதே நாட்டின் கீ மலைத்தொடரிலுள்ள குமனோ பாதைகளை 2004இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் கற்படிகளையும் காட்டையும் சேர்க்கலாம். கடதாசித் துண்டும் மஞ்சள் துணியும் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. ஆனால் அவை இல்லாவிட்டால் இவையெல்லாம் வெறும் மலையேற்றம்.

எமது நூல்கள் இதுபற்றி ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். ஏற்பதை இகழ்ச்சியென்று ஔவையார் சொல்லித்தந்ததை அரிச்சுவடியோடு மனனம் செய்தவர்கள் நாம். அதே ஆத்திசூடிதான் இட்டபின் உண்ணவும் சொல்கிறது. ஏற்பவன் ஒருவன் இல்லாமல் இடுவது எப்படி என்று எந்த வாத்தியாரும் எமக்கு விளக்கவில்லை. வள்ளுவர் இரவு என்றோர் அதிகாரமும் அதையடுத்து இரவச்சம் என்றோர் அதிகாரமும் வைத்தார். இரந்துதான் உயிர் வாழவேண்டும் என்று விதித்தவன் எவனோ அவனே அலைந்து கெடட்டும் என்று ஒன்றில் கோபிக்கிறார். இரப்பவர்களே இல்லாவிட்டால் இந்த உலகத்தின் போக்குவரத்து மரப்பாவைகள் கயிற்றில் ஆடுவதைப் போலாகிவிடும் என்று மற்றதில் சொல்கிறார். இவற்றை முரண்பாடு என்று தள்ளிவிட எமக்கு மனமில்லை. மனிதனை இரக்கும் நிலைக்குத் தள்ளுவது அநியாயம். ஆனால் மனிதர் ஒருவரையொருவர் நாடவே தேவையில்லாத உலகம் உயிரற்ற உலகம். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பாதயாத்திரையை இப்படிச் சொல்லிக்கொண்டு போனால் எமது சமூகத்தை அன்பின் வடிவமாக்கிவிடும் அபாயம் இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. கதிர்காமத்து வழியில் எல்லோரும் சாமி. ஆனால் அதே கந்தனின் மாவிட்டபுரம் கோயில் வாசலில் 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போவதற்காகப் போராடவேண்டியிருந்தது. வழியில் சாமியாக இருந்தவர் வீடு திரும்பியதும் பழைய சாதிக்காரர் ஆகிவிட்டார். ஒன்றரை மாதச் சமத்துவத்தை மிச்சம் பத்தரை மாதத்துக்குக் கொண்டுவர எம்மால் முடியவில்லை.

அதைவிடக் கொடியது ஒன்றும் உண்டு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். போகிற வழியில் அவர்களுடைய நகைகளும் பணமும் பறிக்கப்பட்டன. சரியாக ஐந்து வருடங்களின் பின், 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தார்கள். இரண்டாவது நடையைப்பற்றி நாம் எவ்வளவோ எழுதிவிட்டோம். முதலாவது நடையைப்பற்றி எழுதியவர்கள் சிலரே. நடப்பவனிடம் எதையாவது கொடுத்தனுப்புவது ஒரு பண்பாடு என்றால், நடப்பவனுடைய பொட்டலத்தை அவிழ்த்துப் பறிப்பது அந்தப் பண்பாட்டைத் தலைகீழாக்குவது. கதிர்காமத்துப் பாதையை எமது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் இதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும் என்றே நினைக்கிறோம்.

பிறகு கொடுத்த கைகளே ஏந்தும் காலமும் வந்தது. 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் வந்தபோது, ஆனி தோறும் சாமிமாருக்குச் சோறு போட்ட எமது கரையோர வீடுகளில் பல இல்லாமற் போயின. தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் நிவாரண வரிசையில் அட்டையோடு நின்ற பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். பசி தீர்ந்தது உண்மை. கொடுத்தவர்கள் நல்லவர்களாக இருந்ததும் உண்மை. ஆனால் தலை நிமிரவில்லை. சாமிக்கு வைத்த அதே சோறு இவர்களுக்கு ஏன் தொண்டையில் இறங்கவில்லை? அட்டையில் தலைகளின் எண்ணிக்கை இருந்தது. பெயரைச் சொல்லி எதையாவது எடுத்துப்போகும்படி அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு போவதைத் தவிர அவர்களிடம் வேறெதையும் எவரும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது டென்மார்க்குக்கு வருவோம். இந்த நாட்டுக்கு நன்றி சொல்லத் தயங்குகிறவர்கள் அல்ல நாம். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையை முதன்முதலில் உறுதிப்படுத்திய நாடு இது, 1952இல். அகதிக்குக் கிடைப்பது பிச்சையல்ல, உரிமை என்று சட்டத்தில் எழுதுவது மிகப் பெரிய காரியம். வாசலில் நிற்பவன் வீட்டுக்காரியின் மனநிலையை நம்பியிருக்கிறான். அவளுக்குத் தலையிடி என்றால் அவனுக்குப் பட்டினி. உரிமை அப்படியல்ல. அதன் பலத்தை எமது ஆட்களே கண்டிருக்கிறார்கள். 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்பங்கள் வந்து சேருவதைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைத்தார். அந்த விவகாரம் 1993 தையில் ஓர் அரசாங்கத்தையே பதவி விலக வைத்தது. 1995இல் அந்த அமைச்சருக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை தீர்ப்பானது. கையேந்தி நின்றவர்களுக்காக ஓர் அமைச்சர் விசாரிக்கப்பட்டார் என்பதை எந்த அன்னதானத்தோடும் ஒப்பிட முடியாது.

ஆனால் உரிமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அது வயிற்றை நிரப்பும். இவனிடம் கொண்டுபோவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பது அதன் வேலையல்ல. எதுவும் இல்லை என்று ஒரு நாடு நம்பத் தொடங்கினால் உரிமையும் மெல்ல மெல்லத் தேயும். 2016 தையில் இங்கே ஒரு சட்டம் வந்தது. தஞ்சம் கோருபவர்கள் கொண்டுவரும் பணமும் பொருளும் 10,000 குரோனருக்கு மேற்பட்டால் பொலிசார் எடுத்துக்கொள்ளலாம். திருமண மோதிரத்தை விட்டுவிடுவார்கள். 2019இல் நிறைவேறிய இன்னொரு சட்டம் புதிதாக வந்தவர்களுக்கான உதவிப்பணத்தின் பெயரையே மாற்றியது. தமிழில் சொன்னால், தன்னைத்தானே தாங்குவதற்கும் ஊர் திரும்புவதற்குமான உதவி என்று அர்த்தம். அந்தத் தனிப்பெயர் 2025ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு போய்விட்டது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். சோற்றைப் போட்டுக்கொண்டே எப்போது எழும்புவாய் என்று கேட்பதை எமது ஊரில் என்னவென்று சொல்வார்கள்?

2015 புரட்டாதியில் இந்த நாட்டுக்கும் ஒரு பாதயாத்திரை வந்தது. றொட்பி துறைமுகத்தில் இறங்கிய சிரியர்களும் வேறு பலரும் சுவீடனை நோக்கிப் பெருஞ்சாலையில் நடக்கத் தொடங்கினார்கள். குழந்தைகள் தோளில். எமது புரொண்பிக் குடியிருப்புகளின் ஓரமாக இரைந்துகொண்டு போகும் அதே பெருஞ்சாலையின் தெற்குப் பகுதி அது. தண்ணீரும் பாணும் கொடுத்த டேனிஷ்காரர்கள் இருந்தார்கள். பாலத்தின்மேல் நின்று அவர்கள்மீது துப்பியவனும் இருந்தான். தமது காரில் ஏற்றிச் சென்று உதவிய சிலர் ஆட்கடத்தலுக்கு உதவியதாக வழக்குத் தொடரப்பட்டு, அடுத்த வருடம் அபராதம் கட்டினார்கள். நடப்பவனுக்குக் கொடுப்பது சாதாரண மனிதருக்கு இயல்பாகவே வருகிறது என்பதற்கும், அந்த இயல்பை ஒரு சட்டம் குற்றமாக்கிவிடலாம் என்பதற்கும் அந்தச் சில நாட்களே சாட்சி.

இங்குள்ளவர்களும் நடக்கிறார்கள். புரொண்பியின் ஊடாகப் போகும் வெஸ்ற்வொல்டன் என்ற பழைய கோட்டை அரண், கொப்பன்கேகனைப் பகைவரிடமிருந்து காக்க 1888க்கும் 1892க்கும் இடையில் கட்டப்பட்டது. இன்று அது மரங்கள் மூடிய நடைபாதை. மேற்கே யூலன்டில் வீபோர்க்கிலிருந்து தெற்கே போகும் ஹெர்வையன் என்ற பழம்பாதையில், ஒருகாலத்தில் மாட்டு மந்தைகளும் உரோமாபுரிக்குப் போகும் யாத்திரிகர்களும் போன வழியில், இப்போது வாரக்கணக்காக நடப்பவர்கள் உண்டு. முதுகுப்பையில் சுடுதண்ணீர்ப் போத்தல், கட்டிய சாப்பாடு, இரவு தங்க முற்பணம் கட்டிய கட்டில். எவருக்கும் கடன்படாத நடை. இதில் ஓர் அழகு இருக்கிறது, சுதந்திரமும் இருக்கிறது. ஆனால் எவருடைய முடிச்சையும் கொண்டுபோகாத நடை எமக்குப் பாதி நடையாகவே தெரிகிறது. எவரிடமும் வாங்காதவனிடம் எவரும் எதையும் கொடுத்தனுப்ப மாட்டார்கள். சொந்தக்காலில் நில் என்று இந்த நாடு எமக்குத் திரும்பத் திரும்பப் போதிப்பது இந்தப் பாதியைத்தான். றெஸ்ரோறன்ற் குசினியில் பத்து மணித்தியாலம் கோப்பை கழுவி அந்தப் பாடத்தை நாமும் படித்துவிட்டோம். அது அவசியமான பாடம். ஆனால் பாடம் அதோடு முடியவில்லை.

அகதி என்ன கொண்டுபோகிறான் என்று கேட்டால் உடனே கலை, கலாசாரம், மொழி என்று சொல்லத் தொடங்கிவிடுகிறோம். பிறண்டேயில் அபிராமி அம்மனுக்கும் ஹேர்னிங்கில் சித்திவிநாயகருக்கும் கோயில் கட்டியிருக்கிறோம், பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் பழக்குகிறோம். நல்லது. ஆனால் இவை எமக்காக நாம் கொண்டுவந்தவை. மஞ்சள் துணி முடிச்சு என்பது பிறருக்காகக் கொண்டுபோவது. புறப்பட முடியாமல் நின்றுவிட்டவர்களுடைய பெயர்கள் எம்மிடம் இருக்கின்றன. முள்ளிவாய்க்காலில் விடப்பட்டவர்களுடையவை, வழியில் கடலில் போனவர்களுடையவை. அவற்றைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்வது ஒரு முடிச்சு. இந்த நாடு ஒருகாலத்தில் எமக்குக் கொடுத்ததை அது மறக்கத் தொடங்கும்போது நினைவூட்டுவது இன்னொரு முடிச்சு. பெருஞ்சாலையில் நடந்து வந்த சிரியனைப் பார்த்து, இவங்களாலதான் எங்களுக்கும் கெட்ட பெயர் என்று எம்மவர் சிலர் கதைக்கும்போது, அந்த முடிச்சு பாதிவழியில் அவிழ்ந்து விழுகிறது.

இன்னொரு கடினமான கேள்வியும் மிச்சமிருக்கிறது. இன்று உகந்தைக்கு அப்பால், காட்டுக்குள் நடக்கும் சாமிமாருக்குத் தண்ணீர் கொடுப்பவர்களில் இராணுவத்தினரும் உண்டு. அந்தத் தண்ணீரை வாங்கிக் குடிக்கலாமா? குடிக்கக் கூடாது என்று இங்கிருந்து சொல்வது இலகு. எமக்குத் தாகம் இல்லை. காணாமற்போன மகனுக்காக நடக்கும் தாய் அதை வாங்கிக் குடிக்கிறாள் என்றால் நாம் அவளைக் குறைசொல்ல மாட்டோம். தண்ணீரைக் குடித்ததால் அவள் எதையும் மன்னித்துவிடவில்லை. அவளுடைய முடிச்சில் இருப்பது மகனுடைய பெயர். கொடுப்பவனுக்கும் ஒரு மனம் இருந்தால், அம்மா, என்ன பெயர் சொல்லிப் போகிறீர்கள் என்று அவன் ஒருநாள் கேட்கக்கூடும். அன்று அவள் அந்தப் பெயரைச் சொல்லுவாள். கேட்கும்வரை அது வெறும் தண்ணீர்.

ஆகவே ஏற்பது தன்னளவில் இகழ்ச்சியல்ல என்பதே எமது முடிவு. இவனிடம் கொண்டுபோக எதுவும் இல்லை என்று கொடுப்பவன் நினைத்து, அதை வாங்குபவனும் நம்பிவிடும்போதுதான் அது இகழ்ச்சியாகிறது. பசித்தவனிடம் முதலில் கேட்கவேண்டியது சாப்பிட்டாயா என்பது. அதைச் சட்டம் கேட்கட்டும், அரசாங்கம் கேட்கட்டும், எவரும் பட்டினி கிடக்காமல் இருக்கட்டும். ஆனால் எங்கே போகிறாய், எங்கள் பேரில் எதைக் கொண்டுபோவாய் என்ற இரண்டாவது கேள்வியை எந்த அலுவலகமும் கேட்காது. அதை வாசலில் நிற்கும் மனிதர்தான் கேட்கவேண்டும். இப்போது எமக்கும் இங்கே வாசல்கள் இருக்கின்றன.